லென்ஸ் ஒத்துக்கொள்ளாது என்று சொல்லப்பட்ட கண்: மொரீஷியஸிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

நோயாளி 26 வயது இளைஞர். மொரீஷியஸில் அரசு ஆரம்பப் பள்ளி ஒன்றில் தமிழ் ஆசிரியர். குரேப்பீப் பக்கம் வீடு. வாரத்தில் இரண்டு மாலை கோவில் வகுப்பிலும் சொல்லிக்கொடுக்கிறார். 2023 ஜூனில், கான்டாக்ட் லென்ஸ் பொருத்தும் என்னிடம் வந்து உட்கார்ந்ததும் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுச் சொன்னார்: "அக்கா, என் கண்ணுக்கு லென்ஸ் ஒத்துக்கொள்ளாதாம். போன இடமெல்லாம் இதையேதான் சொல்கிறார்கள். நீங்களும் அதைத்தான் சொல்வீர்கள் என்றால் இப்போதே சொல்லிவிடுங்கள், பஸ்ஸைப் பிடிக்கிறேன்."

அவருடைய ஒப்புதலோடுதான் இதை எழுதுகிறேன். அடையாளம் தெரியக்கூடிய சிலவற்றை மாற்றியிருக்கிறேன். லென்ஸ் பொருத்தக் கடினமான கண்கள் எல்லோரிடமும் வருகின்றன. கருவிழி (கண்ணின் முன்னே உள்ள தெளிந்த சவ்வு) மாற்று அறுவை செய்துகொண்டவர்கள், கண்ணீர் வற்றியவர்கள், சிலிண்டர் பவர் (திசைக்குத் திசை மாறும் வளைவைத் திருத்தும் பவர்) மிக அதிகமாக உள்ளவர்கள், மேலிமைக்குள் ஒவ்வாமைப் பருக்கள் தடித்தவர்கள் என்று பட்டியல் நீளும். இவருடைய நிகழ்வை எழுதக் காரணம், என் நாற்காலியில் அழகாகப் பொருந்திய லென்ஸ் மாலை நான்கு மணிக்குப் பொருந்தாமல் போனதுதான். கடினமான கண்ணில் பொருத்தம் என்பதை மாலையில்தான் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி.

பிஸ்கட் டின்

சிறு வயதிலிருந்தே கண் அரிப்பு. குரேப்பீப்பின் ஈரமும் குளிரும், வீட்டுச் சுவரில் பூக்கும் பூஞ்சையும் அதற்குத் தோதானவை. கண்ணைக் கசக்குவார், அதுவும் மேலோட்டமாக அல்ல. ஆள்காட்டி விரலை மடக்கி, கணுவை வைத்து, உள்மூலையிலிருந்து அழுத்தித் தேய்ப்பார். வரலாறு கேட்டுக்கொண்டிருந்த சிறிது நேரத்திலேயே இடக்கண்ணை இரண்டு தடவை அப்படித் தேய்த்துவிட்டார். அவருக்கே அது தெரியவில்லை.

பழைய சீட்டு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். கூட வந்த அம்மா கைப்பையிலிருந்து ஒரு பிஸ்கட் டின்னை எடுத்தார். உள்ளே மகனுடைய பழைய கண்ணாடிகள், உயர்நிலைப் பள்ளிக் காலத்திலிருந்து ஒவ்வொன்றும். எதையும் தூக்கிப்போடாத அந்த அம்மாவுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். கண்ணாடிகளை, பவரை அளக்கும் லென்சோமீட்டரில் ஒவ்வொன்றாக வைத்தபோது இடக்கண்ணின் சிலிண்டர் பவர் 1.25, 2.25, 3.75, கடைசியாக 5.50 டயாப்டர் என்று ஏறிக்கொண்டே வந்தது. அச்சும் கண்ணாடிக்குக் கண்ணாடி திரும்பியிருந்தது. இருபது வயதைத் தாண்டிய பிறகு சிலிண்டர் பவர் இப்படி ஒரு கண்ணில் மட்டும் ஓடினால் கண்ணாடியை மாற்றிக்கொடுத்துக்கொண்டிருப்பதில் பயனில்லை. கருவிழியைப் பார்க்க வேண்டும்.

லென்ஸ் வரலாறும் சுருக்கமாக: முதலில் மென் டோரிக் லென்ஸ், அதாவது சிலிண்டர் பவர் கொண்டது. போட்டதும் பார்வை வரும், கண் சிமிட்டினால் கலையும். அடுத்தது சிறிய கெட்டி லென்ஸ், அதாவது காற்று புகும் ஆர்.ஜி.பி. வகை. பார்வை நன்றாக இருந்தது, ஆனால் இடக்கண்ணில் லென்ஸ் கீழே சரியும். கரும்பு வெட்டும் காலத்தில் தூசி உள்ளே போனால் உயிர் போகும் வலி. ஒருநாள் பஸ் நிறுத்தத்தில் காற்றடித்து லென்ஸ் தெறித்து விழுந்தது, அதோடு விட்டுவிட்டார். இரவில் கார் ஓட்டுவதையும் விட்டிருந்தார். மழையில் எதிரே வரும் ஒவ்வொரு விளக்குக்கும் வால் முளைக்கிறது என்றார்.

பரிசோதனை

கண்ணாடியோடு வலக்கண் 6/9, இடக்கண் 6/36 (6/6 இயல்பு, கீழ் எண் ஏற ஏறப் பார்வை குறைவு). ஊசித்துளை வழியாகப் பார்க்கச் சொன்னதும் இடக்கண் 6/12-க்கு வந்தது. விழித்திரையும் நரம்பும் நன்றாக இருக்கின்றன, கெட்டிருப்பது ஒளி உள்ளே நுழையும் வாசல் என்று இதற்குப் பொருள். ரெட்டினோஸ்கோப் வெளிச்சத்தில் இடக்கண்ணில் கத்தரிபோல் திறந்து மூடும் நிழல், கருவிழி கோணலானதற்கு அடையாளம். ஸ்லிட் லாம்ப் நுண்ணோக்கியில் பார்த்தால் கருவிழியின் ஆழத்தில் மெல்லிய செங்குத்துக் கோடுகள், இமை மேல் லேசாக அழுத்தினால் மறையும். இவை வோக்ட் கோடுகள். நீல ஒளியில் கூம்பின் அடியைச் சுற்றி இரும்புப் படிவு வளையம் பாதி தெரிந்தது. மேலிமையைப் புரட்டினால் சிறு பருக்கள்.

கருவிழியின் வளைவை வரைபடமாக்கும் டோப்போகிராபி எடுத்தோம். வளைவு வலக்கண்ணில் 45.2, 48.1 டயாப்டர். இடக்கண் 50.6, 54.9. இடக்கண்ணில் மிகச் செங்குத்தான புள்ளி 58, அதுவும் கண்மணிக்குக் கீழே வெளிப்பக்கமாகத் தள்ளி நின்றது. மெலிந்த இடத்தில் தடிமன் வலக்கண்ணில் 488 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்), இடக்கண்ணில் 456. சாதாரணக் கருவிழி நடுவில் 540 மைக்ரானை ஒட்டி இருக்கும், வளைவு 43 டயாப்டரைச் சுற்றி. ஆக, இரண்டு கண்ணிலும் கெரடோகோனஸ், தமிழில் கூம்புக் கருவிழி என்கிறோம். இடக்கண் முற்றிய நிலைக்குப் போகிறது, வலக்கண் ஆரம்பத்தில் நிற்கிறது.

நோயை விளக்கியபோது அம்மா மகனிடம் கிரியோலில் ஏதோ கேட்டார். "கண் குருடாகிவிடுமா என்று கேட்கிறார்கள்" என்றார் இவர். ஆகாது. கருவிழியின் கொலாஜன் இழைகளின் பிடிப்பு தளர்ந்து, நடுப்பகுதி மெலிந்து முன்னே துருத்துகிறது. பெரும்பாலும் பதின்வயதில் தொடங்கி முப்பதுகள் வரை நகரும், பிறகு வேகம் குறையும். மரபும் உண்டு, கசக்குவதும் உண்டு. இரண்டில் நம் கையில் இருப்பது கசக்காமல் இருப்பது மட்டுமே.

லென்ஸுக்கு முன் ஒரு வேலை

அவர் வந்தது லென்ஸுக்காக, நான் அனுப்பியது கண் மருத்துவரிடம். அவருக்கு அது பிடிக்கவில்லை. கெட்டி லென்ஸ் போட்டால் கூம்பை அழுத்திப் பிடித்து நிறுத்திவிடும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். நம் ஊர்ப் பக்கமும் இதே நம்பிக்கை இருக்கிறது. எந்த லென்ஸும் இந்த நோயை நிறுத்தாது. லென்ஸ் பார்வையைத் தரும், அவ்வளவுதான். நிறுத்தும் சிகிச்சை குறுக்குப் பிணைப்பு, கிராஸ்லிங்கிங். கருவிழியின் மேல்தோலை நீக்கி, ரைபோஃபிளேவின் சொட்டுகளை அரை மணி நேரம் ஊறவிட்டு, புற ஊதாக் கதிரை இன்னொரு அரை மணி நேரம் செலுத்துவார்கள். ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத்தில் உருவான முறை, நோயாளிகளில் கிடைத்த முடிவுகள் 2003-இல் வெளிவந்தன. தோல் நீக்கிய பிறகு 400 மைக்ரானாவது மிஞ்ச வேண்டும் என்பது வழக்கமான எல்லை. மேல்தோல் சுமார் 50 மைக்ரான். 456-இல் அதைக் கழித்தால் இவர் எல்லைக்கோட்டின் மேல் நிற்கிறார். இன்னும் ஒரு வருடம் கசக்கியிருந்தால் கணக்கு மாறியிருக்கும். இதைக் காகிதத்தில் எழுதிக் காட்டிய பிறகுதான் சம்மதித்தார்.

மொரீஷியஸில் அரசு மருத்துவம் இலவசம். மொக்காவில் இருக்கும் அரசுக் கண் மருத்துவமனைக்குப் பெயரே சுப்பிரமணிய பாரதி. தமிழ்நாட்டிலிருந்து வரும் நண்பர்களுக்குப் பெயர்ப் பலகையைக் காட்டினால் நின்று படம் எடுக்காமல் நகர மாட்டார்கள். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

ஆகஸ்டில் இடக்கண்ணுக்குச் சிகிச்சை நடந்தது. மூன்று நாள் நல்ல வலி, அப்புறம் சில வாரம் மங்கல். வலக்கண்ணை ஆறு மாதத்துக்கு ஒருமுறை அளந்து, நகர்ந்தால் பார்ப்போம் என்று மருத்துவர் விட்டுவைத்தார். இமைப் பருக்களுக்கு ஒலோபடடின் சொட்டு, காலையும் மாலையும். கசக்கத் தோன்றினால் குளிர்ந்த ஈரத்துணியை மூடிய கண்மேல் வைக்கச் சொன்னேன். மேல்தோல் முழுக்க ஆறி, அளவுகள் அடங்கிய பிறகு, நவம்பரில் லென்ஸ் வேலையைத் தொடங்கினோம்.

எந்த லென்ஸ், ஏன்

மென் லென்ஸ் ஏன் தோற்றது என்பது எளிது. கரடுமுரடான கல்லின் மேல் நனைந்த துணியைப் போட்டால் துணியும் கல்லின் வடிவத்தை எடுத்துக்கொள்ளும். கெட்டி லென்ஸ் அப்படி வளையாது. அதற்கும் கருவிழிக்கும் இடையில் கண்ணீர் தேங்கி மேடு பள்ளத்தை நிரப்பும். கண்ணீரின் ஒளிவிலகல் எண் 1.336, கருவிழியுடையது 1.376. இரண்டும் நெருக்கமாக இருப்பதால் ஒளிக்கு அந்தக் கோணலான முன்பக்கம் பெரும்பாலும் மறைந்துபோகிறது. பின்பக்கக் கோணல் மட்டும் மிஞ்சும். அதனால் கூம்புக் கண்ணில் 6/6 வராவிட்டால் லென்ஸைக் குறை சொல்லக் கூடாது.

சிறிய ஆர்.ஜி.பி. லென்ஸ் பலருக்குப் போதும், விலையும் குறைவு. கூம்பு நடுவில் இருந்தால் நானே அதைத்தான் முதலில் எடுப்பேன். இவருடைய கூம்பு கீழே தள்ளி இருப்பதால் லென்ஸ் அங்கேயே போய் உட்காருகிறது, இமை ஒவ்வொரு சிமிட்டலிலும் மேல் விளிம்பைத் தட்டுகிறது. உச்சியில் லென்ஸ் தொட்டுத் தொட்டு உராய்ந்தால் தழும்பு விழும் என்ற பயமும் உண்டு. மென் லென்ஸின் மேல் கெட்டி லென்ஸ் போடும் முறையும், நடுவில் கெட்டியும் ஓரத்தில் மென்மையுமான கலப்பு லென்ஸும் இருக்கின்றன. தூசியில் வேலை செய்பவருக்கு அவற்றை நான் பரிந்துரைப்பதில்லை.

மிஞ்சியது ஸ்க்லீரல் லென்ஸ். கருவிழியைத் தொடவே தொடாமல் மேலே ஒரு கூரையாக நின்று வெள்ளைவிழியில் கால் ஊன்றும். உள்ளே உப்புநீர் நிரம்பியிருக்கும், தூசி புகாது. புதுசு என்று நினைக்கிறார்கள், உண்மையில் லென்ஸ் வகைகளிலேயே இதுதான் மூத்தது. அடால்ஃப் ஃபிக் 1888-இல் ஜூரிக்கிலிருந்து எழுதியது இப்படிப்பட்ட கண்ணாடி லென்ஸைப் பற்றித்தான். முயல்களில் பார்த்துவிட்டுத் தன் கண்ணிலேயே போட்டுக்கொண்டார். ஆக்ஸிஜன் போகாததால் அது சில மணி நேரத்துக்கு மேல் தாங்கவில்லை. 1948-இல் கெவின் டூஹி கருவிழி அளவுக்குச் சுருக்கிய பிளாஸ்டிக் லென்ஸைக் கொண்டுவந்தார். 1961 கிறிஸ்துமஸ் சமயத்தில் ஓட்டோ விக்டர்லே பிள்ளைகளின் விளையாட்டுக் கட்டுமானப் பெட்டியை வைத்து ஓர் இயந்திரம் செய்து மென் லென்ஸை வார்த்தார். பெரிய லென்ஸை எல்லோரும் மறந்தார்கள். 1983-இல் ஆஸ்திரேலியாவின் டான் எசகீல் காற்றுப் புகும் பொருளில் அதைச் செய்து காட்டிய பிறகுதான் மறுபிறவி.

நாற்காலியில் பொருத்தம்

இடக்கண்ணுக்கு 16.5 மி.மீ. விட்டமும் 4,600 மைக்ரான் ஆழமும் உள்ள சோதனை லென்ஸை எடுத்தேன். லென்ஸ் கிண்ணத்தின் விளிம்பு வரை உப்புநீர், அதில் பச்சையாக ஒளிரும் ஃப்ளோரசின் சாயம். போட்ட பிறகு ஸ்லிட் லாம்பின் ஒடுங்கிய கதிரில் பார்த்தால் லென்ஸ் ஒரு கறுப்புப் பட்டையாகவும், அதன் கீழே நீர் ஒரு பச்சைப் பட்டையாகவும், அதற்கும் கீழே கருவிழியும் தெரியும். லென்ஸின் தடிமன் 350 மைக்ரான் என்று ஆய்வகம் எழுதித் தந்திருக்கிறது. பச்சைப் பட்டையை அதோடு ஒப்பிட்டால் இடைவெளி எவ்வளவு என்று கண்ணாலேயே சொல்லிவிடலாம். என்னிடம் குறுக்குவெட்டுப் படம் எடுக்கும் ஓ.சி.டி. கருவி இல்லை, இந்தப் பச்சைப் பட்டைதான் என் அளவுகோல். கூம்பின் உச்சியில் லென்ஸும் நீரும் சம தடிமன், ஆகவே சுமார் 350. லென்ஸ் வெள்ளைவிழியில் அமிழ்ந்து இறங்க இறங்க இன்னும் நூறு மைக்ரான் போல் குறையும். சரியான கணக்கு.

பவர் திருத்தியதும் இடக்கண் 6/9. சுவரில் தொங்கிய நாட்காட்டியில் தேதிக்குக் கீழே இருந்த பொடி எழுத்தை வாசித்துவிட்டு, "இதில் தமிழ்த் தேதியும் போட்டிருக்கிறார்களா!" என்றார். வலக்கண்ணுக்கு, நடுவில் தடிமனாகக் கடைந்த சிறப்பு மென் லென்ஸ் போதுமானதாக இருந்தது. இரண்டு கண்ணுக்கும் ஒரே வகை லென்ஸ்தான் போட வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

லென்ஸ்கள் வெளிநாட்டு ஆய்வகத்தில் கடைந்து டிசம்பர் நடுவில் வந்தன. பள்ளி விடுமுறை. வீட்டில் தினமும் மூன்று நான்கு மணி நேரம் போட்டுப் பழகினார். எந்தக் குறையும் இல்லை என்று செய்தி அனுப்பினார். குறையே இல்லை என்றால்தான் எனக்குச் சந்தேகம் வரும். ஜனவரி முதல் வாரத்தில் ஒருநாள் காலை ஏழு மணிக்குப் போட்டுக்கொண்டு, பள்ளி நாளில் செய்வதுபோல் வெளியே அலைந்துவிட்டு, கழற்றாமல் மாலை நான்கு மணிக்கு வரச் சொன்னேன்.

மாலை நான்கு மணி

வந்தபோது இடக்கண் பார்வை 6/18. "பகல் ஒரு மணிக்கு மேல் பனிமூட்டம் மாதிரி இருக்கிறது, அக்கா. குரேப்பீப்பில் அது ஒன்றும் புதிதில்லையே என்று விட்டுவிட்டேன்."

ஸ்லிட் லாம்பில் பச்சைப் பட்டை இல்லை, அதன் இடத்தில் பால் கலந்த நீர். நண்பகல் புகை என்று நாங்கள் சொல்வது இதைத்தான். லென்ஸின் விளிம்பு எங்கோ தூக்கி நிற்கிறது, அந்த வழியாக வெளிக் கண்ணீரின் சளியும் கொழுப்பும் உள்ளே உறிஞ்சப்பட்டுத் தேங்குகின்றன. மூக்குப் பக்கம் நேர்மாறு: விளிம்பு அழுந்தி, அதன் கீழே சிறு இரத்த நாளங்கள் வெளுத்திருந்தன. லென்ஸைக் கழற்றியதும் அந்த இடத்தில் ஒரு வளைந்த பள்ளம் பதிந்திருந்தது, சாயம் போட்டால் அதில் போய்த் தேங்கியது. அவர் வலி என்று சொல்லவில்லை. "கழற்றினால் சுகமாக இருக்கிறது" என்றார். கழற்றினால் சுகம் என்று யார் சொன்னாலும் லென்ஸின் ஓரத்தைப் பார்க்க வேண்டும்.

காரணம் கருவிழியில் இல்லை. வெள்ளைவிழி வட்டமான பந்து அல்ல. கருவிழியைத் தாண்டி வெளியே போகப்போக மூக்குப் பக்கம் ஒரு வளைவு, மேலும் கீழும் வேறொரு வளைவு. சுற்றிலும் ஒரே வளைவாகக் கடைந்த லென்ஸ் கிடைமட்டத்தில் இறுக்கும், செங்குத்தில் வாய் பிளக்கும். மூன்று நான்கு மணி நேரம் வரை இரண்டும் வெளியே தெரியாது. சோதனையன்று நான் அரை மணி நேரத்தில் பார்த்த லென்ஸும் இந்த லென்ஸும் ஒன்றுதான். அமிழ்ந்து இறங்கிய பிறகு ஓரம் தன் குணத்தைக் காட்டியது. நூல்களில் கருவிழியின் வளைவு எண்களுக்கு எத்தனையோ பக்கங்கள் இருக்கின்றன. ஸ்க்லீரல் லென்ஸில் நோயாளி லென்ஸைத் தொடர்ந்து போடுவாரா, அலமாரியில் வைப்பாரா என்பதைத் தீர்மானிப்பது ஓரத்து இரண்டு மில்லிமீட்டர்தான்.

மாற்றங்கள்: வெள்ளைவிழியில் தரையிறங்கும் ஓரப் பகுதியை இரு வளைவாக, டோரிக்காகக் கடைய எழுதினேன். கருவிழியின் ஓரத்துக்கு மேலிருந்த இடைவெளியைக் குறைத்தேன், அங்கே அதிகமாக இருந்ததும் புகைக்கு ஒரு காரணம். உச்சி இடைவெளியிலும் 50 மைக்ரான் குறைத்தேன். நீர் ஆழமானால் கருவிழிக்கு வரும் ஆக்ஸிஜனும் குறையும். தூசி அதிகமான பள்ளிக்கூடம், ஒவ்வாமைக் கண், இரண்டும் சேர்ந்து சளியைக் கூட்டுகின்றன என்பதால் காலை ஒலோபடடின் சொட்டை லென்ஸ் போடுவதற்குக் கால் மணி நேரம் முன்னதாக விடச் சொன்னேன்.

கோளமான லென்ஸைக் கழற்றிவைத்துவிட்டு, புதியதற்காகக் காத்திருந்தபோது பெலால் புயல் வந்தது. 2024 ஜனவரி 15, போர்ட் லூயியில் தெருவெல்லாம் வெள்ளம், விமான நிலையம் மூடல். லென்ஸ் பொட்டலம் எங்கே கிடக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. புயல் ஓய்ந்த கையோடு தைப்பூசக் காவடி விரதமும் தொடங்கிவிட்டது.

காவடியும் லென்ஸும்

இங்கே தைப்பூசக் காவடி அரசு விடுமுறை நாள். பத்து நாள் விரதம் இருந்து, அலகு குத்தி, கொதிக்கும் தார்ச் சாலையில் வெறுங்காலோடு கோவிலுக்கு நடப்பார்கள். இவர் ஆண்டு தவறாமல் காவடி எடுப்பவர். அழுத்துகிற பழைய லென்ஸையாவது போட்டுக்கொள்ளட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். ஜனவரி 25 அன்று கண்ணாடியைக் கயிறு கட்டிப் போட்டுக்கொண்டு நடந்தார். வியர்வையில் அது மூக்கு நுனிக்கு வந்து வந்து இறங்கியதை அவர் தங்கை வீடியோ எடுத்து எனக்கே அனுப்பினாள்.

அடுத்த ஆண்டு, 2025 பிப்ரவரி 11, லென்ஸோடு நடந்தார். அதற்காக நாங்கள் யோசித்தவற்றைச் சொல்ல வேண்டும், தமிழ்க் குடும்பங்களில் இந்தக் கேள்வி வருகிறது. திருநீறும் கற்பூரப் புகையும் ஸ்க்லீரல் லென்ஸுக்குள் எளிதில் போகாது. சிறிய ஆர்.ஜி.பி. லென்ஸ் என்றால் மறுத்திருப்பேன். சிக்கல் வேறு இடத்தில்: ஏதாவது ஆகிவிட்டால் காவடியைத் தாங்கும் கை, திருநீறும் பாலும் பட்ட கை, லென்ஸைக் கழற்ற முடியாது. எனவே கழற்றத் தெரிந்த இன்னொருவர் பக்கத்தில் நடக்க வேண்டும். தங்கைக்குக் கழற்றக் கற்றுக்கொடுத்தோம். லென்ஸைக் கழற்றும் ரப்பர் உறிஞ்சி, உப்புநீர்க் குப்பிகள், லென்ஸ் டப்பா, சோப்பு எல்லாம் ஒரு சிறு பையில். நெற்றியில் திருநீறு இடுபவரிடம் புருவத்துக்கு மேலேயே நிறுத்தச் சொல்லவும் ஏற்பாடு. அதை அவர் கேட்டாரா என்றால், இல்லை, கை நிறைய அள்ளிப் பூசினாராம். கண் சிவந்தது, லென்ஸுக்குள் ஒன்றும் போகவில்லை.

கைப்பழக்கம்

புதிய லென்ஸ் பிப்ரவரி 2024-இல் வந்தது. எட்டு மணி நேரத்துக்குப் பிறகு பார்த்தபோது நாளங்கள் வெளுக்கவில்லை, நீரில் லேசான மங்கல் மட்டும், பார்வை 6/9. பொருத்தம் முடிந்தது. ஆனால் போடவும் கழற்றவும் பழகுவது தனி வேலை.

ஸ்க்லீரல் லென்ஸ் போடும்போது முகம் தரையைப் பார்க்க வேண்டும். மேசையில் முகம் பார்க்கும் கண்ணாடியைப் படுக்கவைத்து, அதைப் பார்த்துக் குனிந்து, மூன்று விரல் நுனியில் நிறுத்திய லென்ஸை மேலே கொண்டுபோக வேண்டும். உப்புநீர் விளிம்பு தளும்ப இருக்க வேண்டும். ஒரு குமிழி மாட்டினாலும் எடுத்துத் திரும்பப் போட வேண்டும். இவருடைய பிரச்சினை, லென்ஸ் நெருங்கும்போது கண்ணை மூடிக்கொண்டு தலையைப் பின்னே இழுப்பது. தண்ணீரெல்லாம் சட்டைக் கழுத்தில். மேலிமையை இமை மயிரின் வேரிலேயே பிடித்துப் புருவ எலும்பில் அழுத்தி வைக்கக் கற்ற பிறகுதான் சரியாயிற்று. நடு இமையைப் பிடித்தால் அது வழுக்கும்.

கழற்றும்போது உறிஞ்சியை லென்ஸின் நடுவில் ஒட்டி இழுப்பதுதான் எல்லோரும் செய்வது. அது கண்ணையே இழுக்கிற மாதிரி வலிக்கும். கீழ் ஓரத்தில் ஒட்டி, வெளியே சாய்த்து, காற்று உள்ளே புகவிட்டு எடுத்தால் தானாக வரும்.

உப்புநீர் விஷயத்தில் நான் கறார். லென்ஸுக்குள் நிரப்பும் நீர் கருவிழியோடு பகல் முழுக்கக் கிடக்கிறது. பதனப்பொருள் கலந்த சலைன் அங்கே மருந்தல்ல, நச்சு. ஒரு தடவை திறந்தால் தீர்த்துவிட வேண்டிய, பதனப்பொருள் இல்லாத சிறு குப்பிகள் மட்டும். நெபுலைசருக்கு மருந்துக் கடையில் விற்கும் 0.9 சதவீத சோடியம் குளோரைடு குப்பிகளைப் பலர் பயன்படுத்துகிறார்கள். திறந்த குப்பியை மறுநாளுக்கு மூடிவைப்பதுதான் வழக்கமான சறுக்கல்.

குழாய்த் தண்ணீர் வேண்டவே வேண்டாம். இந்தத் தீவில் அநேகமாக எல்லா வீட்டு மாடியிலும் ஒரு தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. தேங்கிய நீரில் வாழும் அகந்தமீபா என்ற ஒற்றைச் செல் உயிரி லென்ஸ் வழியாகக் கருவிழிக்குள் குடியேறினால் மாதக்கணக்கில் சிகிச்சை, பார்வையும் போகலாம். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகு பஞ்சு உதிராத துணியில் நன்றாகத் துடைத்துக்கொண்டுதான் லென்ஸைத் தொட வேண்டும். ஈரக் கையும் குழாய்த் தண்ணீர்தான். லென்ஸோடு கடலில் இறங்கக் கூடாது என்றபோது மட்டும் அவர் முகம் வாடியது. தீவில் பிறந்தவரிடம் வேறென்ன எதிர்பார்க்க முடியும். இரவில் பெராக்ஸைடு கரைசலில் குறைந்தது ஆறு மணி நேரம் ஊற வேண்டும், அதன் நடுநிலையாக்கும் டப்பாவை மாற்றிப் பயன்படுத்தக் கூடாது.

நாளுக்கு ஏற்ற அட்டவணை

மதியம் ஆசிரியர் அறையில் லென்ஸை எடுத்து நீர் மாற்றிப் போட முயன்றார். அங்கே மேசை கிடையாது, கதவும் பூட்டாது, பிள்ளைகள் எட்டிப் பார்க்கிறார்கள். சில வாரத்தில் அதை விட்டுவிட்டோம். இப்போது காலை ஏழுக்குப் போடுகிறார், மூன்று மணிக்கு வீடு வந்ததும் கழற்றுகிறார். கண்ணுக்கு இரண்டு மணி நேரம் ஓய்வு. கோவில் வகுப்பு இருக்கும் மாலைகளில் மட்டும் புதிய நீரோடு மறுபடி போட்டுக்கொள்கிறார். ஒரே மூச்சில் பதின்மூன்று மணி நேரம் போடச் சொன்னால் இந்தக் கண் தாங்காது, இரண்டு துண்டாகத் தாங்குகிறது. இரவில் காரும் ஓட்டுகிறார். மழையில் விளக்குகளுக்கு வால் இன்னும் கொஞ்சம் இருக்கிறதாம், பாதை தெரிகிறது என்கிறார்.

பின்தொடர்தல்

சிகிச்சைக்கு ஒரு வருடம் கழித்து எடுத்த டோப்போகிராபியில் இடக்கண்ணின் செங்குத்தான புள்ளி 58-லிருந்து 57-க்கு இறங்கியிருந்தது. அளவீட்டுப் பிழை அளவுதான் அது, ஏறவில்லை என்பதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். வலக்கண் அசையவில்லை. லென்ஸ் போட்டு எட்டு மணி நேரம் ஆனபின் பார்த்தால் உச்சி இடைவெளி லென்ஸ் தடிமனில் பாதிக்குச் சற்று மேல். கருவிழியில் வீக்கம் இல்லை, ஓரத்தில் புது நாளங்கள் நுழையவில்லை. கசக்கும் பழக்கம் முழுதாகப் போய்விட்டது என்று சொல்ல முடியாது. வகுப்பில் அவர் கை கண்ணுக்குப் போனால் பிள்ளைகள் "சார், கை!" என்று கத்துவார்களாம், அது என் சொட்டு மருந்தை விட நன்றாக வேலை செய்கிறது.

கூம்புக் கருவிழி உள்ளவரின் உடன்பிறந்தவர்களைப் பரிசோதிக்காமல் விடக் கூடாது. தங்கைக்குப் பத்தொன்பது வயது, கண்ணாடி கிடையாது, பார்வை இரண்டு கண்ணிலும் 6/6. டோப்போகிராபி இயல்பாக இருந்தது. ஆனால் அவளும் கசக்குகிறாள், அதே மடக்கிய விரல், அதே உள்மூலை. ஒலோபடடின் எழுதிக் கொடுத்து, ஆண்டுக்கு ஒருமுறை படம் எடுக்க வரச் சொல்லியிருக்கிறேன். அடுத்த முறை தைப்பூசம் முடிந்த வாரத்தில் வருகிறாள்.